ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: அடுப்படி, கடை, அன்றாடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்புக்கோ வேலைக்கோ ஜெர்மனி வந்து, முதல் ஆறேழு மாதத்தில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. "சாமான் கிடைக்கவில்லை" என்ற புகார் இப்போது குறைந்துவிட்டது. கிடைத்த சாமான் ஊரில் நடந்துகொண்ட மாதிரி இங்கே நடந்துகொள்வதில்லை என்பதுதான் தொல்லை. தண்ணீர் வேறு, அடுப்பு வேறு, அறையின் சூடு வேறு. அதற்கேற்பக் கைப்பக்குவத்தைக் கொஞ்சம் மாற்றினால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பெட்டியில் என்னென்ன எடுத்து வரலாம்? எதை எடுத்தால் பிடுங்கிக்கொள்வார்கள்?

இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரக்கூடாது. வீட்டில் உருக்கிய நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் இதில் அடங்கும். பச்சைக் காய், பழம், இலை எதுவானாலும் 2019 டிசம்பர் முதல் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்துக்குத்தான்: அன்னாசி, தேங்காய், டூரியன், வாழைப்பழம், பேரீச்சை. ஆகவே அம்மா ஈரத்துணியில் சுற்றித் தரும் கறிவேப்பிலைக் கட்டு விதிப்படி வர முடியாது. கருவாடு 20 கிலோ வரை வரலாம். அறைவாசிகள் என்ன சொல்வார்கள் என்பது வேறு விஷயம்.

அரிசி, பருப்பு, புளி எல்லாம் இங்கேயே கிடைக்கும். அவற்றைச் சுமந்து 23 கிலோவை வீணாக்க வேண்டாம். வீட்டில் அரைத்த சாம்பார் பொடி, ரசப்பொடி, வத்தல், இட்லித் தட்டு, குக்கருக்கு உபரி கேஸ்கெட் இரண்டு, சேஃப்டி வால்வு ஒன்று: இவைதான் இடம் கொடுக்கத் தகுந்தவை. உங்கள் கம்பெனி குக்கரின் கேஸ்கெட் இங்கே கடையில் எளிதில் கிடைக்காது. பொடி வகையைப் பெயர் எழுதி ஒட்டி, இரட்டைப் பையில் போட்டு, பெரிய பெட்டியில் வையுங்கள்.

மிக்ஸி கொண்டு வரலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக. மின்சாரம் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மூன்று உருண்டைக் கால் உள்ள நம் பிளக்தான் இங்குள்ள துளையில் நுழையாது. எர்த் இணைப்புள்ள, 10 ஆம்பியருக்குக் குறையாத அடாப்டர் வாங்குங்கள். செல்போன் சார்ஜருக்கு வாங்கிய சின்ன அடாப்டரில் 750 வாட் மிக்ஸியைப் போட்டு உளுந்து அரைத்தால் அடாப்டர் இளகிவிடும்.

குக்கரை வைத்தால் அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடுகிறது. ஏன்?

அது இண்டக்‌ஷன் அடுப்பு, உங்களுடையது அலுமினிய குக்கர். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் இண்டக்‌ஷனில் சூடேறும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வாடகை வீடுகளில் அதிகம் இருப்பது இன்னொரு வகை: கண்ணாடித் தகட்டின் அடியில் கம்பி சிவந்து எரியும் செரான் அடுப்பு. அதில் எந்தப் பாத்திரமும் சூடாகும், ஆனால் மெதுவாக. குறைத்தாலும் உடனே குறையாது. கேஸ் அடுப்புப் பழக்கத்தில் கடுகு வெடித்ததும் குமிழைத் திருப்பிவிட்டு நிற்பீர்கள். அதற்குள் உளுத்தம்பருப்பு கருகியிருக்கும். தாளிக்கும்போது கடுகு வெடிக்கத் தொடங்கியதுமே கரண்டியைத் தட்டிலிருந்து தூக்கி, பக்கத்தில் வைத்துவிட்டுப் பருப்பும் மிளகாயும் போடுங்கள். எண்ணெயில் இருக்கும் சூடே போதும். சோறு வைக்கும்போது கடைசி ஐந்து நிமிடத்துக்கு அடுப்பை அணைத்துவிடலாம், தட்டின் மிச்சச் சூட்டில் வெந்துவிடும்.

நடுவில் குழிந்த பழைய இரும்பு தோசைக்கல் இதற்கு ஒத்துவராது. அடி முழுக்கத் தட்டையாகக் கண்ணாடியில் படிய வேண்டும், இல்லையென்றால் தோசை நடுவில் கருகி ஓரத்தில் வெள்ளையாக நிற்கும். கல்லைக் கண்ணாடி மேல் இழுக்காதீர்கள். கீறல் விழுந்தால் வீட்டைக் காலி செய்யும்போது டெபாசிட்டில் கழிப்பார்கள். பாகு, வெல்லம் பொங்கி வழிந்தால் மட்டும் ஆறும்வரை காத்திருக்கக் கூடாது: அடுப்பை அணைத்து, சூடு இருக்கும்போதே பிளேடு வைத்த சுரண்டியால் எடுக்க வேண்டும். ஆறிய பிறகு எடுத்தால் கண்ணாடியும் பெயர்ந்து வரலாம்.

கொண்டைக்கடலையை இரவெல்லாம் ஊறவைத்து எட்டு விசில் விட்டும் நறுக்கென்று இருக்கிறது. பழைய சரக்கா?

சரக்கு பழையதாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஜெர்மனியின் பல ஊர்களில் குழாய்த் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கால்சியம், பருப்பின் தோலில் இருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். பெர்லின், மியூனிக் தண்ணீர் நல்ல கடினம். உங்கள் ஊர்க் குடிநீர் நிறுவனத்தின் தளத்தில் அஞ்சல் எண்ணைப் போட்டால் அளவு வரும். 8.4 டிகிரிக்குக் கீழே என்றால் மென்மை, 14-க்கு மேலே என்றால் கடினம்.

பரிகாரம் சமையல் சோடா. கடையில் "நாட்ரோன்" என்று கேளுங்கள். ஒரு கப் கடலை ஊறும் தண்ணீரில் கால் தேக்கரண்டி போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். அளவைத் தாண்டினால் சோப்பு வாசம் வரும். புளி, தக்காளி எதையும் கடலை மலர்ந்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பும் தோலை இறுக்கும். துவரம்பருப்புக்கு சோடா வேண்டாம், அரைமணி நேரம் வெந்நீரில் ஊறவைத்தாலே போதும்.

குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமலே குடிக்கலாம். டீயின் மேல் ஏடு மாதிரி மிதப்பதும் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதே சுண்ணாம்புதான், உடம்புக்குக் கெடுதல் இல்லை. கெட்டிலைச் சுத்தம் செய்ய சிட்ரிக் அமிலத்தைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி வையுங்கள். கொதிக்கவைத்தால் அது வேறு உப்பாக மாறி, முன்னைவிட மோசமாக ஒட்டிக்கொள்ளும்.

இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது.

இந்தக் கேள்வி அக்டோபரில் ஆரம்பித்து ஏப்ரல் வரை ஓயாது. மாவு புளிக்க 28 முதல் 32 டிகிரி சூடு வேண்டும். குளிர்காலத்தில் உங்கள் அடுப்படி 19 டிகிரியில் இருக்கும். மாவில் குறை இல்லை, அறையில்தான்.

அளவு: இட்லி அரிசி 4 கப், முழு உளுந்து 1 கப், வெந்தயம் 1 தேக்கரண்டி. மிக்ஸியில் அரைப்பதானால் உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் ஊற்றி, நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். ஜாடி சூடானால் உளுந்து உப்பாது. கிரைண்டரில் அரைப்பதைவிட மாவு கெட்டியாக இருக்கட்டும். உப்புப் போட்டுக் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதி அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள்.

பிறகு பாத்திரத்தை மின் அவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிடுங்கள். பழைய அவன்களில் இருக்கும் குண்டு பல்பே உள்ளே 30 டிகிரி அளவுக்குச் சூடாக்கும். 10 முதல் 14 மணி நேரத்தில் பொங்கிவிடும். இதைச் செய்தும் பொங்கவில்லை என்பவர்கள் பல்பைப் பாருங்கள். புது அவன்களில் எல்ஈடி விளக்கு, அதில் வெளிச்சம் உண்டு, சூடு இல்லை. அப்படியானால் அவனை 50 டிகிரியில் இரண்டே நிமிடம் ஓட்டி அணைத்து, கொதித்த தண்ணீர் ஒரு லிட்டரைப் பாத்திரத்தில் மூடி மாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். நாலைந்து மணிக்கொரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். அவன் கதவில் "மாவு உள்ளே" என்று சீட்டு ஒட்டுவது அவசியம். பகிர்ந்து வாழும் வீட்டில், பீட்சா போடவந்த அறைவாசி 220 டிகிரியைத் தட்டிவிட்டால் பிளாஸ்டிக் டப்பாவோடு மாவும் போகும்.

கடைத் தயிரில் மோர்க்குழம்பு வைத்தால் சப்பென்று இருக்கிறதே?

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், "யோகுர்ட் மில்ட்" என்று எழுதியிருக்கும். புளிப்பைக் குறைக்கவே வேறு பாக்டீரியா போட்டு உறைய வைத்தது அது. எத்தனை நாள் வெளியே வைத்தாலும் நம் தயிர் மாதிரிப் புளிக்காது. "மில்ட்" என்ற சொல் இல்லாத சாதாரணத் தயிரை எடுங்கள், அல்லது துருக்கிக் கடையில் பெரிய வாளியில் விற்கும் தயிரை வாங்குங்கள். துருக்கிக்காரர்களின் அய்ரான் உப்புப் போட்ட மோரேதான், வெயில் காலத்துக்கு அருமை.

வீட்டில் உறைகுத்தப் பாலைக் காய்ச்சக்கூட வேண்டியதில்லை. நெடுநாள் கெடாத டப்பாப் பாலை 43 டிகிரிக்கு, அதாவது விரல் பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி தயிர் கலந்து, போர்த்தி எட்டு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். இந்தப் பாலில் தயிர் சற்று இளகித்தான் உறையும். இறுகிய தயிர் வேண்டுமானால் 3.5 சதவீதக் கொழுப்புள்ள குளிர்பெட்டிப் பாலை ஒரு கொதி விட்டு ஆறவைத்து உறைகுத்துங்கள்.

சப்பாத்திக்கு எந்த மாவு? பாக்கெட்டில் எண் எண்ணாகப் போட்டிருக்கிறது.

100 கிராம் மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் தாதுச் சாம்பல் மிஞ்சுகிறது என்பதே அந்த எண். 405 நம் மைதாவுக்குக் கிட்ட. 1050-க்கு நிறமும் தவிடும் கூடுதல். முழுக் கோதுமை மாவுக்கு எண் இல்லை, "ஃபோல்கோர்ன்" என்றிருக்கும். ஃபோல்கோர்ன் பாதி, 550 பாதி கலந்து, மாவின் எடையில் 60 சதவீதம் வெந்நீர் விட்டுப் பிசைந்து, அரைமணி நேரம் மூடி வைத்தால் சப்பாத்தி மெத்தென்று வரும். ஊர் ஆட்டா இன்னும் அதிகத் தண்ணீர் குடிக்கும், அந்தக் கணக்கை இங்கே போடாதீர்கள். பாக்கெட்டில் "வைட்சன்" என்றிருந்தால்தான் கோதுமை. "ரோகன்" என்றால் ரை மாவு. அதில் பிசைந்தது கையில் களியாக ஒட்டும், தேய்த்தால் பிய்யும்.

சீரகம் என்று வாங்கிப் போட்டேன், ரசம் மருந்து மாதிரி ஆகிவிட்டது.

"க்யூம்மல்" வாங்கியிருப்பீர்கள். பார்ப்பதற்குச் சீரகம் மாதிரியே இருக்கும், ஆனால் அது இங்கத்திய ரொட்டியிலும் முட்டைக்கோஸிலும் போடும் வேறு விதை. நம் சீரகம் "க்ரோய்ட்ஸ்க்யூம்மல்". இப்படி ஏமாற்றும் சரக்கு இன்னும் சில உண்டு. "பாப்ரிகா எடல்சூஸ்" சிவப்பாக இருக்கும், துளியும் காரம் கிடையாது. மிளகாய்த்தூளுக்கு "சில்லி" என்று எழுதியதை எடுங்கள். ரவைக்கு "ஹார்ட்வைட்சன்க்ரீஸ்" நல்லது, உப்புமா உதிரியாக வரும். "வைஷ்வைட்சன்க்ரீஸ்" பாயசமாகக் குழைந்துவிடும். "மில்ஷ்ரைஸ்" என்ற குட்டை அரிசியில் வெண்பொங்கலும் தயிர்சாதமும் பிரமாதமாக வரும், குழம்பு ஊற்றிச் சாப்பிட மட்டும் வேண்டாம்.

நெய்க்கு "புட்டர்ஷ்மால்ட்ஸ்". முன்னால் "புட்டர்" இல்லாமல் வெறும் "ஷ்மால்ட்ஸ்" என்றிருந்தால் அது பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு.

சைவம் சாப்பிடுகிறேன். எதில் எல்லாம் மாட்டிக்கொள்வேன்?

காய்கறி என்று நம்பி வாங்கும் பண்டங்களில்தான். வறுத்த உருளைக்கிழங்கு, பீன்ஸ், பருப்பு சூப் இவற்றில் "ஷ்பெக்" என்ற பன்றிக் கொழுப்புத் துண்டு போடுவது இங்கே வழக்கம். இறைச்சி இல்லை என்று சொல்லும் உணவகக்காரர் அதைக் கணக்கிலேயே எடுக்காமல் இருக்கலாம். ஆகவே "இறைச்சி உண்டா?" என்று பொதுவாகக் கேட்காமல், "ஷ்பெக், ஷின்கன் (பன்றித் தொடைக்கறி), மீன் ஏதாவது உண்டா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பழ ஜெல்லி மிட்டாய், சில தயிர், புட்டிங் வகைகளில் ஜெலட்டின் இருக்கும். சீஸில் "லாப்" என்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறை. "மிக்ரோபியெல்லஸ் லாப்" என்றிருந்தால் அது நுண்ணுயிரில் தயாரித்தது, சைவர்கள் சாப்பிடலாம்.

மாட்டிறைச்சி அல்லது பன்றி இறைச்சி தவிர்ப்பவர்களுக்கு: "ரிண்ட்" மாடு, "ஷ்வைன்" பன்றி. கொத்துக்கறி பாக்கெட்டில் "கெமிஷ்ட்" என்றிருந்தால் இரண்டும் கலந்தது.

ராத்திரி ரொட்டியும் சீஸும் வைத்துவிட்டு இதுதான் சாப்பாடு என்கிறார்கள். வயிறு நிறையவே இல்லை.

பல வீடுகளில் சூடான சாப்பாடு மதியம் மட்டுமே, இரவுக்கு ரொட்டி. நீங்களும் மதிய உணவைப் பெரிதாக்கிக்கொள்வது சுலபம். பல்கலைக்கழக உணவகமான மென்சாவில் மாணவர் விலையில் சூடாகக் கிடைக்கும், சைவ வகையும் இருக்கும். உப்பும் காரமும் குறைவாக இருப்பதால் பருப்புப்பொடி டப்பா ஒன்று பையில் கிடக்கட்டும். கறுத்த ரை ரொட்டியை முதல் வாரமே நாலு துண்டு தின்றால் வயிறு உப்பும். நார்ச்சத்துக்கு வயிறு பழகக் கொஞ்ச நாள் ஆகும், ஒரு துண்டில் தொடங்குங்கள்.

ஜெர்மன் நண்பர் வீட்டுக்கு அழைத்திருக்கிறார். எப்படி நடந்துகொள்வது?

எத்தனை மணிக்கு என்று பாருங்கள். மாலை மூன்று, நான்கு மணி என்றால் காபியும் கேக்கும் மட்டும். இரவுச் சாப்பாட்டை எதிர்பார்த்துப் பட்டினியாகப் போகாதீர்கள். நான்கு மணி என்றால் நான்குதான். பூவோ சாக்லேட்டோ கொண்டு போகலாம். சைவம் என்றால் அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிடுங்கள், மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

"இன்னும் கொஞ்சம்?" என்று ஒரு முறைதான் கேட்பார்கள். நம் வழக்கப்படி "பரவாயில்லை, போதும்" என்று உபசாரத்துக்குச் சொன்னால் பாத்திரம் உள்ளே போய்விடும். வேண்டும் என்றால் "யா, பிட்டே" என்று சொல்லுங்கள். வெறும் "டாங்கே" (நன்றி) என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

தமிழ்க் கடையில் எதை வாங்குவது?

1980-களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் தொடங்கிய கடைகள் பல. எனவே பெயர்கள் யாழ்ப்பாண வழக்கில் இருக்கும்: "மா" என்றால் மாவு, "கறித்தூள்" என்றால் மல்லி, மிளகாய், சோம்பு எல்லாம் வறுத்து அரைத்த காரத்தூள். அதை சாம்பார் பொடி அளவுக்கு அள்ளிப் போட்டுவிடாதீர்கள். வறுத்த சிவப்பரிசி மா புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அப்படியே உதவும். உறைந்த தேங்காய்த் துருவல், முருங்கைக்காய் இரண்டும் நல்ல தரம். கறிவேப்பிலையைக் கழுவி, ஈரம் போகத் துணியில் உலர்த்தி, உருவி டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். எடுத்ததும் நேரே எண்ணெயில் போடலாம். உலர்த்தாமல் வைத்தால் பனிக்கட்டியோடு எண்ணெயில் விழுந்து முகத்தில் தெறிக்கும்.

ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போனால், தெருக்கடைகளில் கொத்துரொட்டியும் வடையும் சூடாகவே கிடைக்கும்.

தாளித்தால் புகை அலாரம் அலறுகிறது. வீட்டுக்காரர் வாசனை, பூஞ்சை என்கிறார்.

அலாரத்தைக் கழற்றவோ பிளாஸ்டிக் கட்டவோ கூடாது, உயிருக்கும் ஆபத்து, காப்பீட்டிலும் சிக்கல். அடுப்படிக் கதவை மூடி, ஜன்னலை முழுக்கத் திறந்து, புகை உறிஞ்சியை ஐந்து நிமிடம் முன்பே ஓடவிட்டுத் தாளியுங்கள். உறிஞ்சி சில வீடுகளில் காற்றை வெளியே தள்ளாது, கரி வடிகட்டியில் சுத்தம் செய்து உள்ளேயே விடும். அந்தக் கரியை ஆண்டுக்கு ஓரிரு முறை மாற்றாவிட்டால் ஓசை மட்டும் மிஞ்சும். விடுதியில் புகை வந்தால் கதவைத் தாழ்வாரப் பக்கம் திறக்காதீர்கள். அங்குள்ள அலாரம் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருந்தால் வண்டியே வந்து நிற்கும், செலவு உங்கள் தலையில் விழலாம்.

பூஞ்சைக்குக் காரணம் ஈரம். சோறு வடிப்பது, இட்லி அவிப்பது, உள்ளே துணி காயப்போடுவது எல்லாம் சேர்ந்து குளிர்ந்த சுவரில் நீர்த்திவலையாக இறங்கும். ஜன்னலைச் சாய்த்து நாளெல்லாம் விடுவது பயன் தராது, சுவர்தான் இன்னும் குளிரும். ஹீட்டரைக் குறைத்து, எதிரெதிர் ஜன்னல்களை முழுக்கத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை காற்று மாற்றுங்கள். பத்து யூரோ ஈரப்பத மானி ஒன்று வாங்கி மாட்டினால் 60 சதவீதத்தைத் தாண்டுவது கண்ணுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருந்தால் என்ன செய்வது? பாட்டிலுக்கு ஏன் கூடுதல் காசு?

சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும். ஞாயிறும் பொது விடுமுறையும் கடைகள் மூடல், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை போன்ற சில மட்டும் திறந்திருக்கும். விடுமுறைப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இரவு பத்துக்கு மேல் மிக்ஸி, கிரைண்டர் போடாதீர்கள். ஞாயிறன்று சுவரில் துளை போடுவதும் கண்ணாடிப் பாட்டில்களைத் தொட்டியில் வீசுவதும் கூடாது.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம், பெயர் "ஃபாண்ட்". நசுக்காமல், லேபிளைக் கிழிக்காமல் கடை இயந்திரத்தில் போட்டுச் சீட்டை எடுத்துக் கல்லாவில் கொடுத்தால் காசு திரும்பும்.

முகவரிப் பதிவை எப்போது செய்ய வேண்டும்?

குடியேறிய இரண்டு வாரத்துக்குள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேற்றச் சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. அன்றே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் கடிதம் போடமாட்டார், வரி எண், வங்கி அட்டை எல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். அப்பா பெயர், இனிஷியல் குழப்பம் உள்ளவர்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக என்ன இருக்கிறதோ அதையே ஒட்டுங்கள்.

குளிர்காலத்தில் எப்போதும் அசதி. சாப்பாடு காரணமா?

வெயிலும் காரணமாகலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை இங்குள்ள வெயிலில் தோல் போதிய வைட்டமின் டி தயாரிக்காது, நம் நிறத்துக்கு இன்னும் கடினம். வெயில் கிடைக்காதவர்களுக்கு ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கம் சொல்லும் அளவு நாளுக்கு 20 மைக்ரோகிராம், அதாவது 800 யூனிட். ஊரிலிருந்து கொண்டுவந்த 60,000 யூனிட் மாத்திரையைக் கணக்கில்லாமல் போடாதீர்கள், குடும்ப மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். சைவர்கள் பி12-ஐயும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

பாராசிட்டமால் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, அப்போதேக்கே எனும் மருந்தகத்தில் மட்டும்தான். ஞாயிறன்று முறைவைத்து ஒன்று திறந்திருக்கும், அவசர நேரக் கட்டணம் 2.50 யூரோ. மருத்துவர்களின் கிளினிக் மூடிய நேரத்தில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் அழைக்க வேண்டிய எண் 116117. உயிர்போகும் அவசரம் என்றால் 112.